நான்காம் வேற்றுமை

நவம்பர். மூன்று நாளாக மழை.
டைபர் ஆற்றின் சேறு பாலத்தின் இடுப்புவரை.
இலத்தீன் கடிதங்கள் அலுவலகத்தில்
நான் மட்டும், ஒரு புதிய மறைமாவட்டத்தின் பெயரில்
ஒற்று மிகுமா என்பதுபோல் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன்.
தொலைபேசியில் சகோதரி எவுப்ராசியா:
"மேலே வரச் சொல்கிறார்.
சிவப்புப் பேனா எடுத்துக்கொள்ளுங்கள்."

வெள்ளை அங்கியின்மேல்
முழங்கை கிழிந்த சாம்பல் ஸ்வெட்டர்.
காதுக்கருவியைக் கழற்றிச்
சீனிக் கிண்ணத்தில் வைத்திருந்தார்.
"பாரும், லாந்துச்சி" என்று
இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.
பதவியேற்ற மறுவாரமே எழுதியதாம்.
பதினொரு வருடத்தில்
மடிப்பு இருந்த இடமெல்லாம் மை போயிருந்தது.

"என் புத்தி தடுமாறினால்"
என்று தொடங்கியது.
நல்ல இலத்தீன். ஒரே ஒரு பிழை,
அதுவும் எழுத்துப்பிழை அல்ல.

"அந்த 'ஆல்' நிற்காது, திருத்தந்தையே."
"ஏன்?"
"தடுமாறியதா என்று யார் பார்ப்பது?
மருத்துவரா? கர்தினால்கள் கூடிக் கைதூக்கியா?
பார்த்துச் சொல்கிறவர் உங்களுக்கு மேலே போய்விடுவார்.
உங்களுக்கு மேலே
சட்டம் நாற்காலி போடவில்லை."

சிரித்தார்.
சீனிக்குள் கருவி கீச்சிட்டது.

புத்தி போனபின் எழுதினால் செல்லாது.
புத்தி இருக்கையில் எழுதக் கை வராது.
இரண்டுக்கும் நடுவே
ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை
கொஞ்ச நேரம் திறந்திருக்கும்.

போன ஞாயிறு, திருப்பலியில்,
இறந்தோரை நினைவுகூரும் இடத்தில் நின்றுவிட்டார்.
தம் அண்ணன் பெயரைத் தேடினார்.
பாடகர் குழுவில் ஒரு பையன் இருமினான்.
நாங்கள் அத்தனை பேரும் தரையின் பளிங்கைப் பார்த்தோம்.
அதை நான் சொல்லவில்லை.
அவரும்.

புதுத் தாள்.
நான் வாய் திறக்கவில்லை;
சொல்லிக் கொடுத்தால்
'என் சொந்த விருப்பத்தோடு' என்பதில் கறைபடும்.
அவரே எழுதினார்.
'விருப்பத்தோடு' மட்டும்
வரியை விட்டு மேலேறிப் போனது.

பிறகு பேனா நின்றது.
"யாருக்கு?"

ஆயர் விலகினால் இவருக்கு எழுதுவார்.
பங்குச் சாமியார் ஆயருக்கு.
சுவிஸ் காவலன் தளபதிக்கு.
போன மாதம் சமையற்கட்டை விட்டு நின்ற மிரெல்லாகூட
காய்கறிச் சீட்டின் பின்பக்கம்
யாருக்கோ எழுதி வைத்துவிட்டுத்தான் போனாள்.
இவருக்கு,
'கு' இருக்கிறது.
அதன் முன்னால் பெயர் இல்லை.

"கடவுளுக்கு என்று போடலாமா?"
"போடலாம். அவர் பெற்றுக்கொண்டாரா என்று
பதிவேட்டில் ஏற்ற முடியாது."
"திருச்சபைக்கு?"
"யாரும் ஏற்க வேண்டியதில்லை என்கிறது சட்டம்.
மனமார விலக வேண்டும்.
அது முறையாக வெளியே தெரிய வேண்டும்.
ஒருவரும் தலையசைக்கத் தேவையில்லை."

"அப்படியானால்
மறுக்கவும் முடியாதா?"

போகாதே என்று யாராவது சொல்வார்களென
ரயில் மேடையில்
பெட்டியைத் தூக்காமலே நின்ற ஒருவனை
எனக்குத் தெரியும்.
அந்தக் குரல்.

"முடியாது" என்றேன்.

ஜன்னலுக்குக் கீழே சதுக்கத்தில்
இரண்டு பேர் ஈர நாற்காலிகளை அடுக்கினார்கள்.
தார்ப்பாய் காற்றில் எழும்ப
ஒருவன் அதன்மேல் போய் உட்கார்ந்தான்.

எடுத்துக்கொண்ட பெயரில் கையெழுத்திட்டார்.
அதன் கீழே, என்ன நினைத்தாரோ,
தாய் தந்தை வைத்த பெயரின் முதலெழுத்தைத் தொடங்கி
அடித்தார்.
நான் அதைப் பிழையாகக் குறிக்கவில்லை.

தாளை நீட்டினார்.
ஏற்க ஆள் வேண்டாமென்று
இப்போதுதான் சொன்னவன் நான்.
கை நடுங்கியது, தாளும்.
விட்டால் கம்பளத்தில் விழும்.

வாங்கிக்கொண்டேன்.

பேனாவின் மூடியையே கழற்றவில்லை என்பது
லிஃப்டில்தான் தெரிந்தது.
கீழே சகோதரி எழுந்தார்:
"கடிதம் யாருக்கு? உறை எடுக்கிறேன்."
"பெரிதாக எடுங்கள், மடிக்க வேண்டாம்,
மை இன்னும் காயவில்லை" என்றேன்.
முகவரிக்காக அவர் பேனாவோடு
காத்துக்கொண்டே நின்றார்.